கொலுவுக்குப் பச்சை தேடிப் போனோம்!

கொலு என்றால் பெரியவர்களுக்குப் படியும் பொம்மையும். பிள்ளைகளுக்கோ கீழே போடுகிற 'பார்க்'தான் கொலு! குட்டி மரம், குட்டி வேலி, நிஜமாகவே முளைத்த புல், அதில் மேய்கிற பொம்மைப் பசு என்று எல்லாம் இருந்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

எங்கள் விருதுநகர்ப் பக்கம் மழை குறைச்சல். கரிசல் மண், பனை, மிச்ச இடமெல்லாம் சீமைக் கருவேலம். அதனாலோ என்னவோ, கொலுவில் பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம் போட்டுப் பார்ப்பதில் எங்களுக்குத் தனி ஆசை. இந்தத் தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் நந்தவனத்தையே செய்து வைப்பதென்று நானும், சிவகாசியில் இருக்கும் என் தம்பி மனைவியும் பேசி முடிவு செய்தோம். சாமான் வாங்கச் சிவகாசிக்கும், நந்தவனத்தைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரே நாளில் போய் வந்தேன். எதை வாங்கலாம் என்பதோடு, எதை வீட்டுக்குள் சேர்க்கவே கூடாது என்பதையும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விருதுநகரில் செங்கோட்டை ரயிலைப் பிடித்தால் முதலில் திருத்தங்கல், அடுத்தது சிவகாசி. திருத்தங்கல் குன்றில் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சிவகாசி வட்டாரத்தில் வெட்ட வெளியில் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். அவைதான் பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்றுதான் அந்த இடைவெளி. அப்படியும் 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கு மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்துதான் சிவகாசியின் கதை ஆரம்பம். மழையில்லாத வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாகப் போயிற்று. லேபிள் ஒட்ட வேண்டுமே என்று அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. ஆடிப் பதினெட்டு வந்தால் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் வெளிவந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த அச்சகங்களின் கட்டிங் பேப்பர்!

பேப்பர் கடை அண்ணாச்சி, "என்னம்மா, பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேலையா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, கொலுவுக்கு மரம் செய்யணும்."

"அப்ப நல்ல பச்சையாப் பாத்து எடுத்துக்கோங்க. பழுப்பும் கொஞ்சம் எடுங்க, பனை மரத்துல காஞ்ச ஓலை தொங்கணும்ல!" என்றாரே பார்க்கலாம்! அவர் சொன்ன பிறகுதான் எங்கள் பனைக்கு உயிரே வந்தது.

தம்பி வீட்டுக்குப் போனதும், அவன் மகன், ஏழு வயதுக்காரன், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஓடினான். அந்தப் பெண் பட்டாசு வேலைக்குப் போகிறவள். "அக்கா, நீங்க வேல பாக்கிற இடத்துல பச்சைக் கலர் பொடி இருக்குமாமே, புல்லுக்குக் கொஞ்சம் கொண்டு வாங்களேன்" என்று கேட்டுவிட்டான்.

அவள் முகம் மாறிப் போயிற்று. "அந்தப் பேச்சே எடுக்காத தம்பி. அது பச்சையா எரியுமே தவிர, பாக்கப் பச்சையா இருக்காது. வெள்ளையா உப்பு மாதிரித்தான் இருக்கும்" என்றவள், என்னிடம் திரும்பி, "நான் வேல முடிஞ்சு வந்து குளிச்சு, சேலைய மாத்தாம எம் புள்ளையத் தூக்க மாட்டேன்க்கா. அழுதாலும் தூக்க மாட்டேன்" என்றாள். அவள் கைக்குழந்தை அப்போது திண்ணையில் தவழ்ந்துகொண்டிருந்தது.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மத்தாப்பில் பச்சை ஒளி தருவது பேரியம் நைட்ரேட் என்ற உப்பு. அது வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி, தசைத் தளர்ச்சி, இதயத் துடிப்பில் கோளாறு வரை கொண்டு போய் விடும். பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக் கூடாதென்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வெள்ளி மாதிரி மின்னும் அலுமினியப் பொடியோ தீயை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஆலையில் இருந்து வரும் பொடி, தாள், சாக்கு, காலி டப்பா எதுவும் பிள்ளைகள் கைக்கு வேண்டாம். வேலி கட்டத் தீக்குச்சி வேண்டுமானால் மருந்து வைக்காத வெறும் குச்சியாகக் கேட்டு வாங்குங்கள். மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டுப் பயன்படுத்தும் வேலை ஆகாது.

பொய் இலைக்குப் பச்சை பூசி உயிரை விட்டவர்களும் உண்டு. 1775-ல் சுவீடனில் ஷீலே என்ற விஞ்ஞானி செம்பும் ஆர்சனிக் பாஷாணமும் சேர்த்து ஓர் அழகான பச்சையைக் கண்டுபிடித்தார். சுவர்த் தாளுக்கும் தலையில் சூடும் காகித இலைகளுக்கும் இப்படிப்பட்ட பாஷாணப் பச்சைகளைத்தான் அந்தக் காலத்தில் பூசினார்கள். 1861-ல் லண்டனில் மடில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண், செயற்கை இலைகளில் அந்தப் பச்சைப் பொடியைத் தூவும் வேலை செய்தே விஷமேறி இறந்து போனாள். ஒரு பச்சை அழகாக இருக்கிறதே என்று மட்டும் பார்க்காமல், எதிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும், சகோதரிகளே.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது! வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவில், பெரியாழ்வாருக்கு ஆண்டாள் குழந்தையாகக் கிடைத்த அந்தத் துளசி நந்தவனம். சேவித்துவிட்டு, துளசிச் செடி ஆள் உயரத்துக்கு எவ்வளவு வருகிறதென்று கவனித்தேன்; முழங்கால் மட்டும் இருந்தது. வீட்டுக் கொலுக்களில் பசு கோயிலை விடப் பெரிதாகவும், செடி மனுஷனை விட உயரமாகவும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பொம்மை 6 அங்குலம் என்றால் துளசி ஒன்றரை அங்குலம்தான் இருக்கலாம். பனையை அதே கணக்கில் செய்தால் 5 அடிக்குப் போய்விடும்! அதனால் மரங்களைச் சின்னதாகச் செய்து பின்னால் வைத்துவிட வேண்டும்; தூரத்தில் தெரிகிற மாதிரி இருக்கும்.

இனி செய்முறை.

புல்: அரைக்கும் கேழ்வரகே போதும். விதைக் கடையில் வாங்காதீர்கள். விதைப்புக்கு விற்பதில் பூச்சி மருந்து கலந்திருக்கலாம். ஓர் இரவு ஊறவைத்து, அடியில் துளையிட்ட தட்டில் இரண்டு அங்குல மண்ணும் தேங்காய் நார்த் தூளும் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். முளை தெரியும்வரை ஈரத் துணியால் மூடி, பிறகு வெளிச்சத்தில் வையுங்கள். காலையும் மாலையும் தெளித்தால் போதும். ஊற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் கேழ்வரகு, நாலு நாள் முன்னால் கடுகு. கேழ்வரகு மெல்லிய புல்லாக வரும். கடுகு குட்டி இலையோடு கீரைப் பாத்தி மாதிரி நிற்கும். ஒன்பது நாளில் கடுகு தலை சாய்ந்துவிடும். மாற்றி வைக்க இன்னொரு தட்டு விதைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த புல்வெளி: மரத்தூளைச் சலித்து, கேசரிக்குப் போடுகிற மாதிரி சாப்பாட்டுக்கான பச்சைக் கலரை வெந்நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். வெளிநாட்டில் பொம்மை ரயிலுக்கு ஊர் அமைத்து மகிழ்கிறவர்களும் வெகுகாலம் இதே சாயத் தூளைத்தான் புல்லாகத் தூவினார்கள்.

துளசி: காய்ந்த துளசிக் கதிரை அளவாக நறுக்கிக் களிமண்ணில் வரிசையாக ஊன்றுங்கள். வாசனையும் மிச்சம்!

வேலி: பாத்திரம் தேய்க்கும் புதுப் பச்சை நாரை நீளத் துண்டாக வெட்டி நிறுத்தி, மேலே கொஞ்சம் பிய்த்துவிட்டால் மருதாணி வேலி தோற்றது.

வேம்பு: கிளைகள் உள்ள காய்ந்த சுள்ளி (கருவேலம் வேண்டாம், முள் குத்தும்). ஸ்பாஞ்சைப் பொடியாக நறுக்கி அதே கலரில் நனைத்து உலர்த்தி, பசை தடவிய கிளையில் ஒட்டுங்கள்.

பனை: பென்சில் கனத்தில் நேரான குச்சி, பழுப்புத் தாள் சுற்றியது. இரண்டு அங்குல வட்டமாகப் பச்சைத் தாளை வெட்டி, விசிறி மடிப்பு மடித்து, ஓரத்தைப் பல்லுப் பல்லாக நறுக்கி, ஈர்க்குக் காம்பில் ஒட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு ஓலை வேண்டும். அண்ணாச்சி சொன்னபடி இரண்டு பழுப்பு ஓலை கீழே தொங்கட்டும். நுங்குக் குலைக்கு மிளகு!

பசைக்கு மைதா மாவு காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அதுவும் விஷம்தான், பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடாது. சின்னக் குழந்தை மிளகு, மணி போன்றவற்றை மூக்கில் போட்டுக்கொள்ளும், ஜாக்கிரதை. ஏதாவது பொடியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், நாமாக வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் பொட்டலத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. மரத்தூள், ஸ்பாஞ்ச், தாள் மூன்றும் சட்டென்று தீப்பற்றும். குத்துவிளக்கைப் பார்க்கை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். நந்தவனத்துக்குச் சீரியல் பல்பே போதும். தூங்கப் போகும்முன் அதையும் அணைத்துவிடுங்கள்.

விஜயதசமிக்கு மறுநாள் கலர் படாத முளைப் புல்லைப் பசுவுக்குப் போடலாம். மண் துளசி மாடத்துக்கு. மரங்கள் ஓர் அட்டைப் பெட்டியில் அடுத்த வருஷத்துக்கு. எங்கள் பனையில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் அந்தப் பெண். நுங்கு மிளகை மட்டும் மறக்காமல் எடுத்துவிட்டுக் கொடுத்தோம்.