ஊடையில் ஒரு நிறம் கூடினால்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் இடது பக்கம் கடல், வலது பக்கம் வாவி. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊர்கள் இரண்டு தண்ணீருக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. பெரியநீலாவணை தாண்டியதும் மருதமுனை. இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையொன்றில் நுழைந்தால் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. தறிச் சத்தமே கூட்டிப் போய்விடும்.

நான் போன கொட்டிலில் ஆறு தறிகள். நான்கில் வேலை நடந்தது. ஒன்றில் சாரம், ஒன்றில் படுக்கை விரிப்பு, மற்ற இரண்டில் கொழும்பில் பெயர்பெற்ற ஓர் ஆடை நிறுவனத்தின் புதிய தொகுப்புக்கான சேலைகள். அந்தத் தொகுப்பைப் பார்க்கத்தான் போயிருந்தேன். மரபும் நவீனமும் கைகோக்கும் தொகுப்பு என்று அதற்கான விளம்பரம் சொல்லியிருந்தது. சேலை அழகுதான், மறுக்க முடியாது. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, பாசிப்பச்சை, செங்கல் சிவப்பு என்று ஏழு நிறங்கள் குறுக்குக் கோடுகளாக, மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தன.

"கண்ணுக்கு நல்லம் தம்பி, கைக்குத்தான் கூடாது" என்றார் அதை நெய்துகொண்டிருந்த ராத்தா. அறுபதை நெருங்கும் வயது. காலை மிதியிலிருந்து எடுக்காமலே பேசினார். "பாவில எத்தின நிறம் வெச்சாலும் எனக்குக் காரியமில்ல. ஒருக்கா ஓட்டினா முடிஞ்சிது. ஊடையில வெச்சா ஒவ்வொரு நிறத்துக்கும் கை நிக்கணும்."

பாவு என்பது நீளவாக்கில் தறியில் கட்டிய நூல். நாற்பத்தைந்து அங்குல அகலத் துணிக்கு, அங்குலத்துக்கு 48 இழை என்றால் 2,160 இழைகள். ஒவ்வொன்றையும் விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும், அல்லது பழைய பாவின் நுனியோடு பிணைக்க வேண்டும். பாவை ஓட்டும்போதே நிற வரிசையைத் தீர்மானித்துவிட்டால், பிறகு நெய்கிறவர் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நாடாவை எறிந்துகொண்டே போகலாம். ஊடை, அதாவது நாடா குறுக்கே கொண்டுபோகும் நூல், அப்படியில்லை. நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் தறியை நிறுத்தி, நாடாவை எடுத்து, வேறு நாடாவை வைத்து, விளிம்பில் தொங்கும் நூலை உள்ளே மடக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

கையில் இருந்த கடதாசியில் கணக்குப் போட்டேன். ஐந்தரை மீற்றர்ச் சேலை, மூன்று அங்குலத்துக்கு ஏழு மாற்றம்: மொத்தம் 500 தடவைக்கு மேல். ஒரு மாற்றத்துக்குப் பத்து விநாடி என்று குறைத்து வைத்தாலும் சேலைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம், துணி ஒரு நூலும் வளராமல், போய்விடுகிறது. கூலியோ சேலைக் கணக்கு. இரண்டு நிறச் சேலைக்கும் ஏழு நிறச் சேலைக்கும் வித்தியாசம் சொற்பம்.

அந்தச் சேலையின் அச்சடித்த மாதிரிப் படத்தைக் கொட்டில் முதலாளி காட்டினார். அதில் சில கோடுகள் ஒற்றை இழை. கணினித் திரையில் ஒற்றை இழையை வரைந்துவிடலாம். தறியிலோ நாடா இடமிருந்து வலம் போனால் மறுபக்கம் நின்றுவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவர இன்னொரு இழை வேண்டும். ஆகவே கோடு இரண்டு இழை, இல்லாவிட்டால் நெய்கிறவர் எழுந்து போய் நாடாவைக் கையால் எடுத்துவர வேண்டும். படம் வரைந்தவர் ஒரு முற்பகலாவது தறிப் பலகையில் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

இதற்கு மாறான ஒருவரை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2022இல் மறைந்த பாபரா சன்சோனி, நல்லாயன் கன்னியர்மடத்தில் நெசவு கற்ற பெண்களின் துணிகளுக்கு வடிவமைத்துக் கொடுப்பதில் தொடங்கி, 1964இல் பேர்ஃபுட் நிறுவனத்தை ஆரம்பித்தவர். அந்தத் துணிகளில் பூவேலை, சரிகை, கோபுரம், யானை என்ற தடபுடல் குறைவு. பெரும்பாலும் கோடும் கட்டமும்தான். சாதாரணத் தறியால் இயல்பாகச் செய்யக்கூடியதை வைத்துக்கொண்டு, நிறங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று எப்படி நிறுத்துவது என்பதில் மட்டும் அவர் துணிந்தார். அறுபதுகளில் அது நவீனம். இப்போது அதைப் பாரம்பரியம் என்கிறோம்.

பாரம்பரியம் என்று நாம் கையைக் காட்டும் எதுவும் இப்படித்தான் போலிருக்கிறது. அடுத்த தறியில் நெய்த கட்டம் போட்ட சாரம் இந்த ஊர் ஆண்களின் அடையாளம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டம் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கப்பல் ஏறி வந்த சரக்கின் வழித்தோன்றல். கைத்தறி செழித்த காலம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தியதை அல்ல. எழுபதுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது உள்ளூர்த் துணிக்குக் கிடைத்த கிராக்கியைத்தான். 1977இல் சந்தை திறந்தது, வெளிநாட்டுத் துணி மலிந்தது, தறிகள் அடங்கின. 2004 மார்கழியில் கடல் வந்து மிச்சமிருந்தவற்றில் பலவற்றைக் கொண்டுபோனது. 2022இல் ரூபாய் விழுந்தபோது நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போயின. நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது, சாயமும் இறக்குமதிதான்.

இத்தனைக்கும் பிறகு தறி இங்கே நிலைத்திருப்பதற்கு, எனக்குத் தெரிந்து, ஒரு காரணம் வீடு. கிழக்கில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு மகளுக்குப் போகிறது. மணமகன்தான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண் தன் சொந்தக் கூரையின் கீழ், உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தே வேலை செய்யலாம். சோறு வடித்துவிட்டு வந்து இரண்டு முழம் நெய்யலாம். அந்த வசதியையே காரணம் காட்டிக் கூலியைக் குறைப்பதும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

ராத்தாவின் மகள் தறியில் உட்காருவதில்லை. கல்முனையில் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். நான் இருந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். சேலையைப் புரட்டிப் பார்த்து, விளிம்பில் நூல் துருத்திய இடங்களைக் காட்டி, "இத யாரும் வாங்கமாட்டாங்கும்மா, ஒரு கழுவில பிரியும்" என்றார். படம் வரைந்தவருக்கோ முதலாளிக்கோ இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

முதலாளி அன்று பின்னேரம் கொழும்புக்குத் தொலைபேசினார். நான்கு நிறங்களைப் பாவுக்கு மாற்றி, மூன்றை மட்டும் ஊடையில் விடலாம் என்பது அவருடைய யோசனை. நிறங்கள் அப்படியே இருக்கும்; கோடுகளில் பாதி குறுக்கே போகாமல் நெடுக்கே போகும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பக்கத்தில், படப்பிடிப்பெல்லாம் முடிந்துவிட்டது, படத்தில் உள்ளபடியேதான் வேண்டும் என்றார்கள். அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ராத்தா தறியை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மாத்தினா நல்லம்" என்றார். "மாத்தாட்டி சேலைக் கணக்கு வேணாம். நிறத்துக்கு இவ்வளவு எண்டு கூலி போடச் சொல்லுங்க. ஏழு வெச்சா ஏழுக்கும் தரட்டும்."

முதலாளி அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார்.