கடல் பாக்டீரியா பாட்டில் வாங்கலாமா?

"சார், கடல் பாக்டீரியாவுல இருந்து எடுத்த ஒட்டும் திரவமாம். விலையைக் கேட்டா தலை சுத்துது. வாங்கலாமா?" இந்த வருடம் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதில் ஓர் அம்மா, நகையை அடகு வைத்து ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார். அதனால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் முத்து முத்தாக உருளும். வெங்காயம், நெல், முட்டைக்கோஸ் இலைகளிலும் மெழுகு உண்டு. தெளிக்கும் மருந்தில் ஒரு பகுதி உருண்டு மண்ணுக்குப் போய்விடும். தண்ணீரை உருளவிடாமல் பரவ வைப்பதுதான் சோப்பு செய்யும் வேலை. அதே வேலையைச் செய்யும் பொருளைச் சில பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கின்றன. இது கட்டுக்கதை இல்லை.

ஐரோப்பாவின் வட கடலில், போர்க்கும் தீவுப் பக்கம் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு 1998-ல் 'அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். அதற்குச் சாப்பாடே எண்ணெய்தான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே! அதனால் சர்க்கரையும் கொழுப்பும் கலந்த ஒரு 'சோப்பை'ச் சுரந்து, எண்ணெயைப் பொடித் துளிகளாக்கித் தின்கிறது. கடலில் எண்ணெய் கொட்டிய இடங்களில் இந்த இனம் பெருகிவிடும்.

நமக்குப் பக்கத்தில் வரும் செய்தி இன்னொன்று. கனடா கடலோரத்தில் கிடைத்த சூடோமோனாஸ் பாக்டீரியாவில் 'மாசெட்டோலைடு' என்ற சோப்புப் பொருளை 1997-ல் கண்டார்கள். பிறகு அதே பொருள், கோதுமை வேர் மண்ணில் வாழும் சூடோமோனாஸ் புளோரசன்சிலும் இருந்தது. தக்காளிக் கருகல் நோய்க்கிருமியின் நீந்தும் வித்துகளுக்கு உறையே கிடையாது. இந்தச் சோப்பு பட்டதும் வெடித்துவிடுகின்றன. சூடோமோனாஸில் எல்லா ரகமும் இதைச் சுரப்பதில்லை. ஆனாலும் கடலில் தேடிய சரக்கு காலடி மண்ணிலும் உண்டு என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்படியானால் பாட்டில் ஏன் இந்த விலை? பாக்டீரியாவுக்குச் சர்க்கரையோ எண்ணெயோ தீனி போட வேண்டும். வளர்க்கும் தொட்டியில் நுரை பொங்கி வழியும். கடைசியில் சுரப்பைப் பிரித்துச் சுத்தம் செய்வதில்தான் பெரும் செலவு. அதனால், விலை மலிவாக ஒருவர் விற்றாலும் சந்தேகப்படுங்கள். விலை அதிகம் என்பதற்காக நம்பியும் விடாதீர்கள். என்ன பொருள், யார் தயாரிப்பு, காலாவதித் தேதி எது என்று லேபிளில் பாருங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், சிறு விவசாயிக்கு இப்போது அது தேவையில்லை. வேப்ப எண்ணெயில் முதலில் காதி சோப்புக் கரைசலைக் கலந்து, பிறகு தண்ணீர் சேருங்கள். அதில் ஒரு சொட்டை இலையில் விடுங்கள். உருண்டால் சோப்பு போதாது, பரவினால் சரி. அதற்கு மேல் ஊற்றினால் இலை கருகும். சாயங்காலம் தெளியுங்கள்.

சூடோமோனாஸ், விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் போதும். நிலத்துக்கு ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து போடலாம். தாமிர மருந்தோடு மட்டும் சேர்க்காதீர்கள். அது பாக்டீரியாவையே கொன்றுவிடும்.

வெங்காயம் போட்ட அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். பாட்டிலுக்கு எடுத்து வைத்த பணத்தில் தொழுவுரம் வாங்கப் போவதாகச் சொன்னார்.