உட்கார்ந்து கணக்குப் பார்த்துப் புறப்படுவோம்



ஆண்டின் இந்தப் பருவத்தில் சபையின் ஜெபக் குறிப்புகளோடு, "விசா கிடைக்க வேண்டும்", "வெளிநாட்டுப் பிரயாணம் நல்லபடியாக அமைய வேண்டும்" என்னும் விண்ணப்பங்களும் என் கைக்கு வருகின்றன. பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் கடல் கடந்து வாழும் இக்காலத்தில், நம் பெற்றோர் நினைத்தும் பார்த்திராத தேசங்களுக்கு நாம் விடுமுறைக்குப் போய்வருகிறோம். அது மகிழ்ச்சிக்குரியது. ஓய்வும் உறவும் தேவன் அருளிய ஈவுகள். ஆயினும் இந்தப் பிரயாணங்களுக்காக ஜெபிக்கும் அளவுக்கு நாம் கணக்குப் பார்ப்பதில்லை என்பதைப் பல குடும்பங்களில் கவனித்திருக்கிறேன்.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்கிட வேண்டிய மனிதனைப் பற்றி இயேசு பேசுகிறார். பாதியில் நின்றுபோன கோபுரத்தை ஊரார் பார்த்து நகைப்பார்கள். விடுமுறைக்கோ அந்த அவமானம்கூட இல்லை. அது பாதியில் நிற்பதில்லை. புகைப்படங்களோடு அழகாக முடிந்துவிடுகிறது. அதன் மீதிக் கணக்குதான் நம்மோடு வீட்டுக்கு வந்து பல மாதங்கள் தங்கிவிடுகிறது. அதை ஊரார் பார்ப்பதில்லை. மனைவியும் கணவனும் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

நம் சபையாரில் பலர் போக விரும்பும் ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டு, பெரியதொரு தேசத்துக்கு விடுமுறை போகிறவன் எவ்விதமாகத் திட்டமிட வேண்டும் என்று இவ்வாரம் சிந்திப்போம்.

முதலாவது, தூரத்தை அறிய வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 76.9 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பு 32.87 லட்சம். நம்மைவிட இருமடங்குக்கும் மேல் பெரிய நிலத்தை, உலக வரைபடத்தின் கீழ் மூலையில் சிறிதாகப் பார்த்துப் பழகிவிட்டோம். நம் நாடு வடக்கிலிருந்து தெற்குவரை 3,214 கிலோமீட்டர். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு வானவழித் தூரமே ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். ரயிலில் போனால் 4,352 கிலோமீட்டர், மூன்று இரவுகள். நம் ஊர் வழக்கப்படி, ரயில் என்றால் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். அந்த 'இந்தியன் பசிபிக்' ரயில் வசதியுள்ள சுற்றுலாப் பயணிகளுக்கானது. விமானக் கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்கும்.

சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 880 கிலோமீட்டர். நடுப் பாலைநிலத்தில் இருக்கும் உலுரு என்னும் செம்பாறைக்கு, அருகிலுள்ள நகரம் எனப்படும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்தே 450 கிலோமீட்டருக்குமேல் போக வேண்டும். பவளத்திட்டுகளைக் காண வடகிழக்கே கெய்ர்ன்ஸுக்குப் பறக்க வேண்டும். இவை அனைத்தையும் பதினான்கு நாளில் முடிப்போம் என்பவர் விமான நிலையங்களைத்தான் அதிகம் காண்பார். ஒவ்வொரு இடமாற்றத்திலும் பெட்டி கட்டுதல், வாடகை வண்டி, காத்திருத்தல், புதிய அறை என்று ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும். உள்நாட்டு மலிவு விமானங்கள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்கின்றன. கைப்பையைக்கூட எடைபோட்டுப் பார்க்கின்றன. ஆகவே இரு வாரத்துக்கு இரண்டு இடங்கள், மிஞ்சினால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரில் இறங்கி வேறொரு நகரிலிருந்து திரும்புமாறு பயணச்சீட்டு எடுத்தால், வந்த வழியே திரும்பும் செலவும் ஒரு நாளும் மிச்சமாகும்.

இரண்டாவது, காலத்தை அறிய வேண்டும்.

அங்கே பருவங்கள் நமக்கு மாறாகச் சுழல்கின்றன. கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. டிசம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி இறுதிவரை அவர்களுடைய பள்ளி விடுமுறை. விமானம், விடுதி எல்லாம் உச்ச விலையில் இருக்கும். அதே மாதங்களில் கெய்ர்ன்ஸ் பக்கம் மழையும் புயலும் வரக்கூடிய காலம். கடலில் நச்சு இழுதுமீன்களும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையாகிய மே மாதமோ அங்கே இலையுதிர்காலத்தின் இறுதி. மெல்பர்னில் குளிராடை தேவைப்படும். வடக்கிலும் நடுப்பாலையிலும் வானம் தெளிந்து வெயில் தணிந்திருக்கும். கூட்டமும் விலையும் டிசம்பரைவிடக் குறைவு. நம் பள்ளி நாட்காட்டி நமக்கு அனுகூலமாக அமைந்த காரியங்களில் இது ஒன்று.

மூன்றாவது, செலவை உண்மையாய் எழுத வேண்டும்.

ஒரு தாளில் நான்கு பகுதிகளாக எழுதுங்கள். முதல் பகுதி, புறப்படுமுன் கட்டிவிடும் தொகை: விமானம், விசா, காப்பீடு, தங்குமிடம். விசா மறுக்கப்பட்டாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது. ஆகவே விசா வருமுன் திரும்பப் பெறமுடியாத விடுதிகளை முன்பதிவு செய்யாதீர்கள். காப்பீட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அந்நாட்டின் அரசு மருத்துவத் திட்டம் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்குப் பொருந்தாது. சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றை மறைக்காமல் எழுதி வாங்கிய காப்பீடே ஆபத்தில் நிற்கும். 75 வயதானவர்களுக்கு விசாவுக்கென மருத்துவப் பரிசோதனையும் உண்டு; அதன் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலா நிறுவனத்தின் தொகுப்புப் பயணமாக வாங்கினால் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். அதைப் பின்னர் வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம். ஆனால் அன்று கையிலிருந்து போகும் பணம் அது.

இரண்டாம் பகுதி, நாள்தோறும் ஆகும் செலவு. இன்றைய மாற்று விகிதத்தைவிடச் சற்று உயர்த்தியே கணக்கிடுங்கள். கடையில் அட்டையைக் கொடுக்கும்போது "ரூபாயிலா, டாலரிலா" என்று இயந்திரம் கேட்டால், ஆஸ்திரேலிய டாலரையே தெரிந்துகொள்ளுங்கள்; ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விகிதத்துக்கு நாம் கட்டுப்படுகிறோம். சமையலறையுள்ள தங்குமிடம் எடுத்து, பல்பொருள் அங்காடியில் அரிசி வாங்கிச் சமைத்தால் உணவுச் செலவு பெருமளவு குறையும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஊரிலிருந்து ஊறுகாய், கருவாடு, விதை, பால் பலகாரம், மரத்தாலான பொருள் எதைக் கொண்டுபோனாலும், அது ஒரு மரச் சிலுவையே ஆனாலும், வருகை அட்டையில் அறிவியுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் கடும் அபராதம். இங்கே உண்மை சொல்வது சிக்கனமும் ஆகிறது.

மூன்றாம் பகுதி, நாம் இல்லாத வீட்டின் செலவு. இதை எழுதுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. வீட்டில் தங்கிவிடும் முதியவரைப் பார்த்துக்கொள்பவருக்கான கூலி, அந்த மாதமும் கட்டவேண்டிய தவணைகள், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம். இன்னுமொன்று: நாம் ஊரில் இல்லாத இருபது நாளுக்கும் நம் வீட்டு வேலை செய்யும் சகோதரிக்குச் சேரவேண்டிய சம்பளம். நாம் ஓய்வெடுக்கப் போனதற்காக அவள் அடுப்பு அணையக்கூடாது. உக்கிராணத்துவம் என்று நாம் பிரசங்கத்தில் கேட்கும் பெரிய சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள்.

நான்காம் பகுதி, கையிருப்பு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது தொடாமல் வையுங்கள். செலவழியாமல் திரும்பி வந்தால், அடுத்த தேவைக்கு அதுவே முதலாகும்.

நான்காவது, யாருடைய ஆசை திட்டத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறேன். கணவர், மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் ஆகிய மூவரும் விசாவுக்காக ஜெபிக்கக் கேட்டு வந்தார்கள். பதினான்கு நாளில் சிட்னி, மெல்பர்ன், கெய்ர்ன்ஸ், உலுரு, பெர்த் என்று சகோதரர் அழகாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தனிநபர் கடன். மகனுடைய கல்லூரிக் கட்டணமும் அதே கோடையில் வரவிருந்தது.

நான் கடனைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் நடக்கும் என்றால், எது நடக்க வேண்டும்? ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள்" என்றேன். சகோதரர், பவளத்திட்டு என்று எழுதினார். மகன், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் என்றான். சகோதரி வெகுநேரம் எழுதாமல் இருந்துவிட்டு, "தங்கச்சி வீட்டில் ஒரு வாரம்" என்று எழுதினார்கள்.

அவர்களுடைய தங்கை மெல்பர்னில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக அக்காளும் தங்கையும் நேரில் பார்த்ததில்லை. இடையே அவர்களுடைய தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது தங்கையால் வர இயலவில்லை. அலைபேசித் திரையில்தான் அடக்க ஆராதனையைப் பார்த்தார். அந்தத் தட்டச்சுத் திட்டத்தில் தங்கை வீட்டுக்கு ஒதுக்கியிருந்தது ஓர் இரவு. "அவ்வளவு பணம் கொடுத்துப் போகிறோம், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவா என்று கேட்பீர்களோ என்று நினைத்தேன்" என்று சகோதரி கணவரிடம் சொன்னார்கள். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "நீ சொல்லவே இல்லையேம்மா" என்றார். "நீங்க கேக்கலீங்க" என்றார்கள் சகோதரி. அதில் கோபம் இருக்கவில்லை. ஆகவே அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

அன்று திட்டம் மாறியது. பெர்த்தும் உலுருவும் நீங்கின. மெல்பர்னில் தங்கை வீடு ஒன்பது நாள், கெய்ர்ன்ஸ் மூன்று நாள், மீதி சிட்னி. கடனுக்கு அவசியமில்லாமல் போயிற்று. மகனுக்கு உலுரு போனதில் வருத்தம்தான். அதை அவன் மறைக்கவுமில்லை. எல்லாருக்கும் எல்லாம் கிடைப்பது திட்டத்தின் இலக்கணம் அன்று. எதை விடுகிறோம் என்பதை எல்லாரும் அறிந்து விடுவதே அதன் இலக்கணம்.

ஐந்தாவது, விலையில்லாதவற்றைத் தேட வேண்டும்.

சிட்னித் துறைமுகப் பாலத்தின் வளைவில் ஏறப் பெருந்தொகை கேட்கிறார்கள். 1932-இல் திறக்கப்பட்ட அதே பாலத்தின் நடைபாதையில் இலவசமாக நடந்து கடக்கலாம். காற்று ஒன்றே, கடலும் ஒன்றே. போண்டையிலிருந்து கூஜீ வரையுள்ள கடற்கரை நடைபாதைக்குக் கட்டணம் இல்லை. பொதுப் பூங்காக்கள் பலவற்றில் மின்சார அடுப்புகள் யாரும் பயன்படுத்த இருக்கின்றன. மெல்பர்ன் நகர நடுவே ஓடும் டிராமில், வரையறுத்த எல்லைக்குள் பயணச்சீட்டு தேவையில்லை. சிட்னி விமான நிலைய ரயிலிலோ நிலையத்துக்கென்று கூடுதல் கட்டணம் உண்டு. நால்வர் சேர்ந்து போனால் வாடகை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெல்பர்னுக்கு மேற்கே, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை உழைத்து அமைத்த 'கிரேட் ஓஷன் ரோடு' 243 கிலோமீட்டர் ஓடுகிறது. போரில் இறந்த தோழர்களின் நினைவாக அவர்கள் அதை அமைத்தார்கள். அவ்வழியில் கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்குப் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' என்று பெயர். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு இல்லை. 2005-இல் அவற்றுள் ஒன்று அலையில் சரிந்து விழுந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் அங்கே சற்று நின்று வரலாம். கார் ஓட்டிச் செல்வோர் அந்தி சாயுமுன் தங்குமிடம் சேருங்கள். இருட்டும் வேளையில் கங்காருக்கள் சாலையைக் கடக்கும்.

உலுருவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். அந்தப் பாறை அங்குள்ள ஆனங்கு மக்களுக்குப் புனிதமானது. அவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டபடி, 2019 அக்டோபர் 26 முதல் அதன்மீது ஏறுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. பணம் கொடுத்து வந்தோம் என்பதால் எல்லாம் நமக்கு உரிமையாவதில்லை. சுற்றி நடந்து பார்ப்பதே போதுமான பாக்கியம்.

பிரியமானவர்களே, இவ்வாரம் குடும்ப ஜெபத்துக்குப் பின் அரைமணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பயணத்தின் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் போவதால் சுமை யார்மேல் விழுகிறது? நம் வீட்டில் இன்னும் தன் ஆசையைச் சொல்லாமல் இருப்பது யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் போனாலும், கொடைக்கானலுக்குப் போனாலும், வீட்டிலேயே இருந்தாலும் இந்தக் கேள்விகள் பொருந்தும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, கடனின்றியும் மனக்குறையின்றியும் உங்களை உங்கள் வீடு சேர்ப்பாராக. ஆமென்.