லேபர் கேம்ப்: கந்தலின் கணக்கு

மாட்டுங்கா ரயில் நிலையத்தில் கிழக்கே இறங்கினால் ஒரு தமிழ்நாடு. மல்லிகைச் சரம், வாழையிலை, ஃபில்டர் காபி, பஜனை சமாஜம், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இட்லிக்குக் காத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மும்பையைச் சுற்றிப் பார்க்க வரும் தமிழர்களுக்கு உறவினர்கள் காட்டுவது இதைத்தான்.

மேற்கே, ரயில்வே பணிமனையைத் தாண்டிப் போனால் இன்னொரு தமிழ்நாடு. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப். இங்கே கேட்பது நெல்லைச் சீமைத் தமிழ். தோல் பதனிடும் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் கூலி வேலைக்கும் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தவர்களின் தமிழ். பக்கத்துச் சந்தில் மராத்தி, அதற்கடுத்த சந்தில் இந்தி. மராத்திய தலித் இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒருவரும் மில் தொழிலாளியாக இருந்தவருமான அண்ணாபாவு சாத்தே (1920-1969) வாழ்ந்து பாடியதும் இந்த லேபர் கேம்ப்பில்தான்.

நான் அங்கே போனது இலக்கியம் தேடி அல்ல, ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலால். ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் வழவழப்பான கையேடு தமிழாக்கத்துக்கு வந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பச்சை இலைப் படம். ‘நீடித்த வளர்ச்சி’ என்ற சொல் பிரச்சினை இல்லை. 1987-ல் பிரண்ட்லாண்ட் குழுவின் அறிக்கையும் 1992-ல் ரியோ மாநாடும் வந்தபோதே தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் பழக்கிவிட்டன. ‘சர்க்குலர் ஃபேஷன்’ என்பதில்தான் பேனா நின்றது. வெட்டிய துணியில் ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போகாமல் திரும்பவும் நூலாகி, துணியாகி வருவதாம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று லேபர் கேம்ப்பில் வளர்ந்த நண்பரிடம் கேட்டேன். சிரித்தார். “எங்க தெருவுல அதுக்குப் பேரு சிந்தி. வந்து பாருங்க” என்றார்.

சிந்தி என்றால் இந்தியிலும் மராத்தியிலும் கந்தல், துண்டுத் துணி. தமிழில் படித்தால் ‘சிதறவிட்டு’ என்று பொருள் வரும். அதுவும் பொருத்தம்தான். தாராவியில் நூற்றுக்கணக்கான தையல் பட்டறைகள் இருக்கின்றன. கட்டிங் மேஜையில் துணியை அடுக்கி வெட்டும்போது கழுத்து, கை, அக்குள் வளைவுகளில் பத்தில் ஒரு பங்காவது துண்டுகளாக விழும். அவற்றை மூட்டை கட்டி எடைக்கு விற்றுவிடுவார்கள். பாத்திரத்துக்குப் பழைய துணி வாங்குகிறவர்கள் வீடு வீடாகச் சேர்த்த பழசுகளும் கைமாறிக் கைமாறி இந்தக் கந்தல் சந்தைக்கே வருகின்றன.

ஆறடி அகலம்கூட இல்லாத சந்து. நடுவில் மூடிய சாக்கடை, தலைக்கு மேல் கரண்ட் ஒயர்கள். வாசற்படியில் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் மூட்டையை அவிழ்த்துப் பரப்பியிருக்கிறார். வெள்ளைப் பருத்தி ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம், பனியன் துணி தனி, ஜீன்ஸ் தனி, பாலியெஸ்டர் தனி. பழைய பேன்ட் கைக்கு வந்தால் முதலில் ஜிப், பிறகு பொத்தான், பிறகுதான் துணி. கை நிற்பதே இல்லை.

“எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?” என்றேன்.

“தொட்டாலே தெரியும்லா தம்பி. சந்தேகமா இருந்தா ஒரு நூலை உருவிக் கொளுத்துவேன். பருத்தின்னா காயிதம் எரிஞ்ச வாடை வந்து சாம்பலாப் போவும். மத்தது உருகி உருண்டையாயிரும்.”

ஜவுளித் தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை இதுவேதான். அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். இந்த அம்மாளுக்கு எடைக்குக் கூலி.

பிரித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. எண்ணெயை நன்றாக உறிஞ்சும் பனியன் துணி, மெஷின் துடைக்க ஒர்க்‌ஷாப்புகளுக்கும் அச்சகங்களுக்கும் போகிறது. சற்றுப் பெரிய துண்டுகள் குழந்தைச் சட்டையாகவும் தலையணை உறையாகவும் மிதியடியாகவும் தலைமுடி கட்டும் பேண்டாகவும் மறுபிறவி எடுக்கின்றன. பொடித்துண்டுகள் மெத்தைக்கும் பொம்மைக்கும் அடைக்கப்படுகின்றன. நாடெங்கும் இப்படித் தரம் பிரித்த கந்தலுக்குப் பெரிய சேருமிடங்கள் இரண்டு. ஒன்று ஹரியானாவின் பானிபட். வெளிநாட்டுப் பழைய கம்பளி உடைகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்யும் ஊர். இன்னொன்று கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. நூற்பாலைகள். பனியன் கம்பெனிக் கழிவைப் பஞ்சாக்கி மீண்டும் நூற்கிறார்கள். சிவப்புத் துண்டைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்து அரைத்தால் வரும் நூலுக்கு நிறம் ஏற்கெனவே உண்டு. மறுபடி சாயத் தொட்டியில் முக்க வேண்டியதில்லை.

இதன் அருமை தெரிய நொய்யல் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக் கழிவு தேங்கும் தொட்டியானது. அணைத் தண்ணீரைப் பாய்ச்ச முடியாமல் நிலம் பாழ்பட்ட விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் மாறியது அந்த அடிக்குப் பிறகுதான். அதற்கு முன்பே, புற்றுநோய் அபாயம் உள்ள சில அஸோ சாயங்களுக்கு ஜெர்மனி விதித்த தடை 1990களில் நம் பட்டறைகளை உலுக்கியிருந்தது. 1997-ல் இந்தியாவும் தடை செய்தது. சுற்றுச்சூழல் அக்கறை நம் ஜவுளித் தொழிலுக்குத் தானாக வரவில்லை. நீதிமன்றமும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் கழுத்தைப் பிடித்தபோதுதான் வந்தது.

லேபர் கேம்ப்பில் யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. வயிறு பிடித்தது. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1854-ல் முதல் பஞ்சாலைக்கு வித்திட்ட இந்நகரில், 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலைநிறுத்தம் முறையாக முடியவே இல்லை, மில்கள்தான் முடிந்தன. புகைபோக்கிகள் நின்ற இடத்தில் இன்று மால்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. நெசவு பிவண்டியின் விசைத்தறிகளுக்குப் போனது. தையல், தாராவி போன்ற இடங்களின் மச்சு அறைகளுக்கு வந்தது. சங்கம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் மில் வாசலோடு நின்றுவிட்டன. மச்சு ஏறி வந்தது வேலை மட்டும்தான்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 78 லட்சம் டன் ஜவுளிக் கழிவு சேர்கிறது என்றும், அதில் 59 சதவீதம் மறுபயன்பாடாகவோ மறுசுழற்சியாகவோ தொழிலுக்கே திரும்புகிறது என்றும் 2022-ல் வெளியான ‘ஃபேஷன் ஃபார் குட்’ அமைப்பின் ஆய்வு மதிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோ துணிக் கழிவைத் தனியே சேகரிப்பதை 2025 ஜனவரியில்தான் கட்டாயமாக்கின. இந்தப் பெருமையில் வாசற்படி அம்மாளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெருமையோடு தூசியும் வருகிறது. பஞ்சுத் தூசியால் நுரையீரல் இறுகும் நோய்க்கு ‘பிசினோசிஸ்’ என்று பெயர். மில் தொழிலாளிக்கு வந்தால் தொழில்சார் நோய் என்று சட்டம் நஷ்டஈடு தரும். வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர் எந்த முதலாளியின் தொழிலாளி? முந்தானைதான் அவருடைய முகக்கவசம்.

எதற்கும் ஆகாத துண்டுகள் எங்கே போகின்றன என்று கேட்டேன். கொஞ்ச தூரம் நடந்தால் கும்பார்வாடா. குஜராத்தின் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து, 1930களில் தாராவியில் குடியேறிய குயவர்களின் குடியிருப்பு. பானை சுடும் சூளைகளில் கந்தலும் பஞ்சுக் கழிவும்தான் எரிபொருள். விறகைவிட மலிவு. தீபாவளிக்கு மும்பை முழுவதும் ஏற்றும் அகல்களில் பல, யாரோ போட்ட சட்டையின் மிச்சத்தில் வெந்தவை. கேட்க அழகாக இருக்கிறது. பருத்தி மட்டுமே எரிந்த காலத்தில் ஓரளவு உண்மையாகவும் இருந்திருக்கும். இன்று நாம் உடுத்துவதில் பாதி பாலியெஸ்டர் கலப்பு. சூளையிலிருந்து எழும் கரும்புகை முதலில் நுழைவது குயவர் வீட்டுக் குழந்தைகளின் மூச்சில். கலப்புத் துணியைப் பிரித்து நூலாக்குவது கடினம், எரிப்பது கெடுதி. அந்தச் சிக்கலை உண்டாக்கியது சூளைக்காரர் அல்லர். துணியை வடிவமைத்தவர்.

எனவே தாராவியை ‘பசுமைச் சொர்க்கம்’ என்று கொண்டாடும் வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளோடு எனக்கு உடன்பாடில்லை. ‘ஆசியாவின் பெரிய சேரி’ என்று மூக்கைப் பொத்துகிறவர்களோடும் இல்லை. நகரம் எறிந்ததை எடுத்து மதிப்பு உண்டாக்கும் திறமை இங்கே இருக்கிறது. அதற்கான விலையை உடம்பால் கொடுப்பதும் இங்கேதான்.

இப்போது அந்தத் திறமைக்கே ஆபத்து வந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2023-ல் மாநில அரசு ஒப்புதல் தந்தது. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு இலவசம். தகுதியுள்ள கடை, பட்டறைகளுக்கு 225 சதுர அடி வரை இலவச இடம். மாடியில் இருப்பவர்களுக்கும் பிறகு வந்தவர்களுக்கும் வேறு ஏற்பாடு, பெரும்பாலும் தாராவிக்கு வெளியே. சந்துச் சாக்கடைக்கு மேல் வாழ்ந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள வீடு வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கந்தல் தொழிலுக்குத் தேவை தரை. மூட்டை இறக்கவும் பரப்பவும் உலர்த்தவும் தரை. ஏழாவது மாடி லிஃப்டில் சிந்தி மூட்டை ஏறுமா?

கணக்கெடுக்க வந்தார்களா என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

“வந்தாங்க தம்பி. என்ன வேலைன்னு கேட்டாங்க. வீட்டுலதான் இருக்கேன்னேன். எழுதிட்டுப் போயிட்டாங்க.”

“துணி பிரிக்கிறதைச் சொல்லலையாக்கா?”

“இதைப் போயி வேலைன்னு எப்படிச் சொல்ல?”

வாசற்படிக்கு லைசென்ஸ் கிடையாது. மின் கட்டண ரசீது, கடை உரிமம் எதுவும் அவர் பெயரில் இல்லை. வீட்டுக் கணக்கில் அவர் வருவார், தொழில் கணக்கில் வர மாட்டார். மறுசீரமைப்புக்குப் பிறகும் நகரம் கந்தலை எறிந்துகொண்டுதான் இருக்கும். பிரிக்கும் விரல்கள் ஒரே சந்தில் இருக்காது. பிரிக்காத துணி குப்பை மேட்டுக்குப் போகும். தரம் பிரிப்பதற்கென்று பொதுவான தரைத்தளக் கூடமும் தூசி இழுக்கும் விசிறியும் எடைக்கூலிக்கு ஒரு குறைந்தபட்ச வரையறையும் திட்டத்தில் சேர்ப்பது, கோபுரங்கள் கட்டுகிறவர்களுக்குப் பெரிய செலவல்ல.

வீடு திரும்பிக் கையேட்டை முடித்தேன். ‘சுழற்சி முறை ஆடை’ என்று எழுதி அனுப்பினேன். தண்ணீர் எத்தனை லிட்டர் மிச்சம், சாயம் எத்தனை கிலோ மிச்சம் என்று எல்லாக் கணக்கும் அதில் இருந்தது. துணியைத் தொட்டுப் பார்த்துப் பிரிக்கும் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளன் சேர்க்கக் கூடாது. அதனால் அந்த வரியை இங்கே எழுதியிருக்கிறேன்.