கரடிக்கு எதிரே ஒரு துப்பாக்கி

ஆடி 3, சனி

அக்கா மகன் அலாஸ்காவிலிருந்து பேசினான். கோடியாக் தீவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் இருந்தவன், வரும் பருவத்தில் கரடி வேட்டைக்கு ஆட்களை அழைத்துப்போகும் வழிகாட்டி ஒருவரிடம் மூட்டை சுமக்கும் உதவியாளாகச் சேர்கிறானாம். காட்டுக்குள் வருகிறவன் கையில் சொந்தமாக ஒரு ரைபிள் இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். “மாமா, எதை வாங்கட்டும்? நீங்க சொல்றதைத்தான் வாங்குவேன்” என்றான்.

ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கியைச் சுட்டதைவிடப் பிரித்துப் பழுது பார்த்ததுதான் அதிகம். புதுச்சேரி வீராம்பட்டினத்துப் பிள்ளை ஒருவன் உலகத்தின் மிகப்பெரிய பழுப்புக் கரடிகள் வாழும் தீவில் நடக்கப் போகிறான். யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோடியாக் தீவுக்கூட்டத்தில் சுமார் 3,500 பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. முழு வளர்ச்சி அடைந்த பெரிய ஆண் கரடி 600 கிலோவைக்கூடத் தாண்டும். வெளி மாநிலத்துக்காரர் அங்கே பழுப்புக் கரடியை வேட்டையாட வேண்டுமென்றால் உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அலாஸ்காவில் குடியிருக்கும் நெருங்கிய உறவினரோ கூடவே இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமகனுக்கு உறவினர் சலுகைகூடக் கிடையாது, வழிகாட்டி கட்டாயம். ஆகவே அந்த வேட்டையில் வழிகாட்டியின் துப்பாக்கியும் கூடவே வரும்.

வேட்டைக்காரன் துப்பாக்கி வேறு, வழிகாட்டி துப்பாக்கி வேறு. வேட்டைக்காரன் காற்றுத் திசை பார்த்து, படுத்துக்கொண்டு, நின்று மேய்கிற கரடியை நூறு நூற்றைம்பது மீட்டரிலிருந்து சுடுகிறான். வழிகாட்டியின் துப்பாக்கிக்கு வேலை வருவது அந்தக் குண்டு பிசகிய பிறகு. அடிபட்ட கரடி ஆல்டர் புதருக்குள் புகுந்துகொள்ளும். அதை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, விடவும் கூடாது. வழிகாட்டி உள்ளே போவார். அங்கே பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது.

ஆடி 6, செவ்வாய்

அவன் அனுப்பிய பட்டியலில் நான்கு தோட்டாக்கள். 1906-இல் வந்த .30-06, லண்டன் ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனி 1912-இல் கொண்டுவந்த .375, வின்செஸ்டரின் .458 (1956), .338 (1958).

இவற்றில் எது கரடிக்குப் போதும் என்பதை ஊகத்தில் சொல்லத் தேவையில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். அலாஸ்காக் காடுகளில் வேலை செய்யும் தன் ஊழியர்களுக்காக அமெரிக்க வனத்துறை 1983-இல் ஒரு சோதனை அறிக்கை வெளியிட்டது. மீஹன், திலீனியஸ் என்ற இருவர் செய்தது. சோதித்த தூரம் 15 கஜம். ஓடிவரும் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் குறையாமல் வரும். அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு விநாடி போதும். .458, .375, .338 மூன்றும் கனமான குண்டோடு முன்வரிசையில் நின்றன. பழைய .30-06-உம் 220 கிரெய்ன் குண்டு போட்டால் நன்றாகவே தாங்கியது. கைத்துப்பாக்கிகள் பின்தங்கின. தன்னால் குறி தவறாமல் சுட முடிந்தவற்றில் எது அதிக வலுவோ அதை எடு என்பதுதான் அதன் சாரம்.

இந்த வாக்கியத்தில் “குறி தவறாமல்” என்பதை இளைஞர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். .375-இன் உதை .30-06-ஐப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. .458 அதற்கும் மேல். ஃபயரிங் ரேஞ்சில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவான், தோளைப் பின்னுக்கு இழுப்பான். குண்டு தாழப் போகும். பெரிய துப்பாக்கியால் வயிற்றில் படும் குண்டைவிடச் சின்னத் துப்பாக்கியால் தோள்பட்டை எலும்பை உடைக்கும் குண்டு நூறு மடங்கு மேல். அவன் ஒல்லியான உடம்புக்காரன். .458 வேண்டாம்.

ஆடி 9, வெள்ளி

இரண்டாம் வெள்ளி. செங்கழுநீரம்மன் கோயில் தெருவில் நடக்க இடமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு எழுதுவது என் தொழில்.

கடலுக்குப் போகிறவன் இன்ஜின் வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் பார்ப்பதில்லை. நடுக்கடலில் நின்றுபோகாத இன்ஜின் எது என்று கேட்பான். துப்பாக்கியிலும் அதுதான் முதல் கேள்வி.

ஜெர்மனியின் பவுல் மவுசர் 1898-இல் முடித்த போல்ட் அமைப்பில், பக்கவாட்டில் நீளமாக ஒரு கொக்கி இருக்கும். மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்பியதுமே அதன் அடி விளிம்பை அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு தோட்டா போல்ட்டின் பிடியை விட்டு விலகாது. உள்ளே தள்ளினாலும் அது சொன்னபடி கேட்கும், பாதியில் பின்னுக்கு இழுத்தாலும் கூடவே வந்து வெளியே விழும். செலவு குறைவாகச் செய்யும் வேறு வகையில் போல்ட் தோட்டாவைச் சும்மா முன்னால் தள்ளிக்கொண்டு போகும். முழுதாக மூடிய பிறகுதான் கொக்கி பிடிக்கும். பதற்றத்தில் பாதி தள்ளிவிட்டுப் பின்னுக்கு இழுத்தால் முதல் தோட்டா குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டும். ராணுவத்தில் இதை ஸ்டாப்பேஜ் என்போம். நிதானமாக உட்கார்ந்து எடுக்கலாம். கரடி வரும்போது நிதானம் ஏது?

வின்செஸ்டர் கம்பெனி தன் மாடல் 70 ரைபிளில் இருந்த அந்த நீளக் கொக்கியை 1964-இல் எடுத்துவிட்டது. வேட்டைக்காரர்கள் அதை மன்னிக்கவேயில்லை. 64-க்கு முந்திய ரைபிள்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். கம்பெனியும் பின்னால் அந்தக் கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே மவுசர், மாடல் 70, ரூகர் ஹாக்ஐ, இப்படிக் கொக்கி உள்ளதாகப் பார்த்து எடுக்கச் சொல்வேன்.

அடுத்தது உப்பு. நம் ஊரில் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். கோடியாக்கும் கடல் சூழ்ந்த தீவு. அங்கே மழையும் சேர்ந்துகொள்கிறது. பளபளவென்று நீலம் பாய்ச்சிய குழல், வால்நட் மரக்கட்டை எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் மரம் ஈரத்தில் ஊதும். ஊதிக் குழலை ஒரு பக்கம் நெருக்கினால் குறி மாறிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழலும் செயற்கைக் கட்டையும் போதும். துருப்பிடிக்காதது என்று பெயர் வைத்தாலும் உப்பு அதையும் தின்னும். தினமும் இரவு குழலுக்குள் புல்த்ரூ கயிற்றை இழுத்து, துண்டுத் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் கூடினாலும் ஆபத்து: குளிரில் கெட்டிப்பட்டு, அடிக்கும் ஊசி மெதுவாகப் போகும், தோட்டா வெடிக்காது.

குழல் 20 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், புதரில் சிக்கும். தொலைநோக்கி பொருத்தினால் ஒரு மடங்கில் தொடங்குவதாக இருக்கட்டும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் கரடி வெறும் மயிராகத்தான் தெரியும். தொலைநோக்கி உடைந்தாலும் பயன்பட இரும்புக் குறிகாட்டி அடியில் இருக்க வேண்டும்.

ஆடி 11, ஞாயிறு

குண்டைப் பற்றி எழுதாமல் விட்டேன். ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-இல் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டார். குண்டு மேல்தோலிலேயே சிதறிவிட்டது, உள்ளே இறங்கவில்லை. அதன் பிறகுதான் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி மலர்ந்து காயத்தைப் பெரிதாக்கும். பின்பாதி உருக்குலையாமல் ஆழத்துக்குப் போகும். கொழுப்பும் தசையும் கனத்த கரடிக்கு இந்த மாதிரிக் குண்டுதான். தோட்டாவில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஆடி 18, ஞாயிறு

பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு அக்கா வந்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. “ஏன் தம்பி, கரடிய எதுக்குச் சுடணும்? டிவில காட்றாங்களே, மயக்க ஊசி, அதப் போட்டாப் போதாதா?” என்றாள். நல்ல கேள்வி.

மயக்க ஊசித் துப்பாக்கி என்பது அழுத்திய வாயுவால் ஓர் ஊசிக்குழாயைத் தள்ளுகிற கருவி. கரடியின் எடையை மதிப்பிட்டு சைலசீன், கெட்டமைன் மருந்தை அளந்து நிரப்ப வேண்டும். தூரத்துக்கு ஏற்றபடி அழுத்தத்தை வைக்க வேண்டும். பட்ட பிறகும் கரடி சாயப் பல நிமிஷம் ஆகும். அந்த நிமிஷங்களில் அது ஓடலாம், திரும்பித் தாக்கலாம். அது கரடியைப் பிடிக்கிற கருவி. பாய்ந்து வரும் கரடியிடமிருந்து யாரையும் காப்பாற்றாது.

கரடிக்கும் அதில் ஆபத்து உண்டு. தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்தில் 2022 நவம்பரில் ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. வனத்துறை மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் களக்காட்டுப் பக்கம் காட்டில் விட்டது. சில நாளில் அந்தக் கரடி இறந்தது. அந்த மூன்று குடும்பத்துக்காகவும் அந்தக் கரடிக்காகவும் மனம் வலித்தது.

நம் கரடி பெரும்பாலும் 145 கிலோவைத் தாண்டாது. கறையானும் இலுப்பைப் பூவும் கொன்றைக்காயும் தின்று வாழ்வது. ஆனால் புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகியதால், திடுக்கிட்டால் ஓடாமல் முகத்துக்கு நேராகப் பாயும். அரசிக்கெரேப் பக்கம் ஒரு கரடி பன்னிரண்டு பேரையாவது கொன்றதை பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். அதைச் சுட்டதும் அவர்தான். அவருடைய துப்பாக்கி .405 வின்செஸ்டர், 1895 மாடல். இன்றைய கணக்கில் அது நடுத்தர வலுதான். காட்டை வாசிக்கத் தெரிந்த மனிதர் கையில் இருந்தது அது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் காலம் முடிந்தது. கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்து போன்ற காரணங்களைக் காட்டித் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் உத்தரவிட்டாலொழிய யாரும் வேட்டையாட முடியாது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன்.

ஆடி 23, வெள்ளி

அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது துப்பாக்கியே இல்லை. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ முதலியோர் அலாஸ்காச் சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். 2008-இல் வந்த ஆய்வின்படி, மிளகாய்க் காரத் தெளிப்பான் அடித்தபோது 92 சதவீதம் பழுப்புக் கரடிகள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தின. 1883 முதல் 2009 வரை துப்பாக்கி கையில் இருந்த 269 சம்பவங்களை 2012-இல் பார்த்தார்கள். சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம் பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காரணம் ஆர்மரருக்குப் புரியும்: தோளிலிருந்து எடுக்க நேரமில்லை, பூட்டு திறக்கவில்லை, தோட்டா சிக்கியது, கூட வந்தவன் நடுவில் நின்றான்.

தெளிப்பானுக்கும் எதிர்க்காற்று ஆகாது. அடிபட்ட கரடியின் வேதனையை அதனால் முடிக்கவும் முடியாது. அதற்கு ரைபிள் வேண்டும். வழிகாட்டியோடு போகிறவனுக்கு இரண்டும் தேவை.

ஆடி 31, சனி

நேற்று அம்மன் தேர் ஓடியது. பிரெஞ்சுக் கவர்னர் காலத்து வழக்கப்படி துணைநிலை ஆளுநர் வடம் பிடித்தார். இரவு அவனுக்கு எழுதி அனுப்பினேன்:

“மாப்ள, .338 வாங்கு. முதுகில் மூட்டையோடு நாள் முழுதும் சுமக்கலாம், உன் தோளும் தாங்கும். வழிகாட்டி தன் .375-ஐக் கொடுத்துப் பழக்கினால் அடுத்த வருஷம் அதற்கு மாறு. நீளக் கொக்கி, துருப்பிடிக்காத குழல், 20 அங்குலம், நடுத்தடுப்புக் குண்டு. வாங்கிய நாளிலிருந்து பருவம் தொடங்கும் வரை வாரம் தவறாமல் சுட்டுப் பழகு; நின்றபடி, கையுறை போட்டபடி, ஈரத்தில். இடுப்பில் முன்பக்கம் தெளிப்பான் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். பேசிக்கொண்டே நட, கரடி தானாக விலகும். வந்திருக்கிறவர் குறி நடுங்கினால் சுட வேண்டாம் என்று வழிகாட்டி தடுப்பார். அப்போது அவர் பக்கம் நில். மோசமான குண்டு வெளியே போகாமல் தடுப்பதுதான் அந்த வேலையில் பாதி.”