எங்கள் வீட்டுக் கறுப்பு மேசைகள்

திருக்கழுக்குன்றத்தில் மலைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சிறு தெருவில் இருக்கிறது எங்கள் வீடு. கூடம் 10 அடிக்கு 9 அடி. அதற்குள் நான்கு நாற்காலிகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், அதன்கீழ் மாதா சுரூபம் வைத்த பலகை, இவற்றுடன் அப்பா, அம்மா, ஆயா, அக்கா தங்கையர் நாங்கள் மூவர். (பாட்டியை ஆயா என்பதே எங்கள் பக்கத்து வழக்கம்.) மாலையில் ஜெபமாலைக்கு எல்லோரும் முழந்தாளிட்டால், கடைசியில் வருபவர் வாசற்படியில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கூடத்துக்குக் கண்ணாடி டீப்பாய் வேண்டுமென்று அடம்பிடித்தவர்கள் நாங்களே. ஒரு தோழியின் வீட்டில் பார்த்தோம். அன்று முதல் அப்பாவை விடவில்லை. கண்ணாடி மேசை இடத்தை அடைக்காதது போலத் தோன்றும், சின்ன அறை பெரிதாகத் தெரியும் என்று வாதாடினோம். வாதம் பொய்யில்லை. வாங்கி நடுக்கூடத்தில் போட்டபோது, அங்கே ஒரு மேசை இருப்பதே தெரியவில்லை.

ஆயாவுக்கும் தெரியவில்லை. சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குப் புறப்பட்டவர் அதில் மோதி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே ஐந்து தையல். இரத்தத்தைத் துடைத்தபோது எங்கள் மூவருக்கும் பேச்சே எழவில்லை. ஆயாவோ, "எம்மேலதான் தப்பு கண்ணு, பாத்து நடந்திருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலுக்குக் கட்டுப் போட்ட மருத்துவரே கண்ணையும் காட்டச் சொன்னார். கண் நீரழுத்த நோய் என்று தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு சிறிது சிறிதாகக் கெட்டுப்போகும் நோய் இது. பெரும்பாலும் வலி இராது. முதலில் போவது பக்கப் பார்வை. நேரே நிற்பவரின் முகம் தெரியும். ஓரத்திலும் கீழேயும் இருப்பது தெரியாமற்போகும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து. வழியில் கிடக்கும் வாளியை ஆயா உதைத்தபோதெல்லாம் கவனக்குறைவு என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். நாற்பது வயதைக் கடந்த பெற்றோர் இதைப் படித்தால், தயவுசெய்து ஒருமுறை கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் படியின் விளிம்பும் மேசையும் தரையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இருப்பது நல்லது என்றும் கண் மருத்துவர் கூறினார். எங்கள் தரை வெளிர்மஞ்சள் டைல்ஸ். அப்படியானால் மேசை கறுப்பாக இருக்க வேண்டும்.

"சின்னக் கூடத்துல கறுப்பா? குகை மாதிரி ஆயிடும்!" என்றார் சித்தப்பா. பக்கத்து வீட்டு அத்தையும் அதையே சொன்னார். பேசிப் பயனில்லை என்று ஒரு சோதனை செய்தோம். வெள்ளைப் பிளாஸ்டிக் முக்காலி, சிவப்பு முக்காலி, புகையேறிக் கறுத்த பழைய மணை ஆகிய மூன்றையும் தரையில் வைத்து, என்னென்ன தெரிகிறது என்று ஆயாவைக் கேட்டோம். பகலில் மணையை உடனே காட்டினார். சிவப்பைத் தேடிக் கண்டுபிடித்தார். வெள்ளையைக் காணவே இல்லை. இரவு விளக்கொளியில் மணை ஒன்றுதான். சித்தப்பா அதன்பின் வாய் திறக்கவில்லை.

அம்மாவின் சீட்டுப் பணத்தோடு செங்கற்பட்டுக்குப் போனோம். முதற்கடையில் மரத்தூள் பலகையின்மேல் கறுப்புத் தாள் ஒட்டிய மேசை காட்டினார்கள். விலை குறைவு. ஆனால் தரை துடைக்கும் ஈரம் விளிம்பில் ஏறினால் உப்பிவிடும் என்று அப்பா வேண்டாமென்றார். இயற்கையாகவே கருநிறமான ஈட்டி மரத்தை விசாரித்தோம். கண்டபடி வெட்டி அருகிவிட்ட மரம் அது. தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. 2017 முதல் பன்னாட்டு உடன்படிக்கையும் அந்த இன மரங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. விலையைக் கேட்டதும் அம்மா பணப்பையின் வாயை மூடிவிட்டார். கருங்காலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது இப்போது மாலையாகக் கழுத்தில் தொங்கும் காலம். மேசைக்கு எங்கே கிடைக்கும்?

ஒரு காலத்தில் கிடைத்திருக்கிறது. வெறுங்கையோடு திரும்பிய கதையைப் பள்ளியில் சொன்னபோது, சரித்திரம் நடத்தும் சிஸ்டர் எங்களுக்கு ஒரு செய்தி கூறினார். 17ஆம் நூற்றாண்டில் நமது சோழமண்டலக் கரைத் தச்சர்கள் கருங்காலியில் பூவும் கொடியுமாகச் செதுக்கிய நாற்காலிகளை டச்சுக்காரர்கள் விரும்பி வாங்கினார்களாம். அவற்றுள் சில இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர், பழங்கால ஆங்கிலேய அரசர் காலத்து நாற்காலிகள் என்றே நம்பி, அத்தகையவற்றைத் தேடித்தேடி வாங்கித் தம் மாளிகையில் வைத்தார். நம் கடற்கரைத் தச்சனின் கைவேலை என்று அவருக்கு யார் சொல்வது! நம் மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் தம் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போனவர்களும் டச்சுக்காரர்கள்தாம். அவர்களுடைய கோட்டை சதுரங்கப்பட்டினத்தில் இன்னும் இருக்கிறது.

சதுரங்கப்பட்டினம் என்றதும் ஆயாவுக்குப் பிறந்த வீட்டு நினைவு வந்துவிட்டது. "தம்பி ஊட்டுல பூவரசு உழுந்து கெடக்குதே, அதக் கேளுங்க" என்றார். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது சாய்ந்த மரம் அது. சின்னத் தாத்தா அதைத் துண்டு போட்டுக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார்; நன்றாகக் காய்ந்திருந்தது. மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆசாரியுடன் பேருந்தில் சென்றோம்.

பூவரசு என்றால் பீப்பீ ஊதும் இலையும் மஞ்சள் பூவுமே எங்களுக்குத் தெரியும். ஆசாரி ஒரு துண்டை இழைத்துக் காட்டினார். வெளிப்பக்கம் வெளுத்திருந்தது, உள்ளே வைரம் பாய்ந்த பகுதி கருஞ்சிவப்பாய், காய்ச்சிய வெல்லப்பாகு போல இருந்தது. சின்னத் தாத்தா காசு வாங்க மறுத்துவிட்டார். அக்காவுக்காகத்தான் அந்த மரம் விழுந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

நடுவில் ஒரு பெரிய மேசை போடாமல், நாற்காலிகளின் ஓரத்தில் இரண்டு சிறு மேசைகள் போடுவதென்று தீர்மானித்தோம். நடக்கும் வழி காலியாக இருக்கும் அல்லவா? அகலம் 14 அங்குலம். உயரம் நாற்காலிக் கைப்பிடியளவு. உட்கார்ந்தபடி ஆயா கையை நீட்டினால் பலகை தட்டுப்பட வேண்டும். மூலைகள் உருட்டியவை. கால்கள் நேரானவை; வெளியே விரிந்து தடுக்காதவை. அடியில் பெட்டியோ இழுப்பறையோ கிடையாது. தரை தெரிவதால் கூடம் அடைபட்டதாகத் தோன்றவில்லை. மினுமினுக்கும் பாலிஷ் போடலாமென்று ஆசாரி ஆசைப்பட்டார். அதில் குழல்விளக்கு பட்டால் பலகை வெள்ளையாகத் தெரியுமே என்று எங்களில் கடைக்குட்டிதான் யோசித்துச் சொன்னாள். ஆகவே கருமை சேர்த்து, பளபளப்பு இல்லாமல் முடித்துக் கொடுத்தார். கூலியும் பாலிஷும் சேர்ந்து 5,200 ரூபாய். கண்ணாடி டீப்பாயை அப்பா விற்றது 600 ரூபாய்க்கு.

அக்டோபர் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு மேசைகள் வந்து சேர்ந்தன. ஆயா நாற்காலியிலிருந்து எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், இரண்டையும் சுற்றிக்கொண்டு போய்த் தடவிப் பார்த்தார். சிறு பெண்ணாக இருந்தபோது அந்த மரத்தடியில் பீப்பீ செய்து ஊதிய கதையை அன்று மூன்று தடவை சொன்னார். ஜெபமாலை மாதம் முழுவதும் வலப்பக்கத்து மேசையில் மாதா சுரூபமும் மெழுகுவர்த்தியும் இருந்தன. சித்தப்பா சொன்னதிலும் சிறிது உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மழை நாட்களில் அந்த மூலை கொஞ்சம் இருண்டுதான் கிடக்கிறது.

இடப்பக்கத்து மேசை ஆயாவுடையது. அதை அரை அங்குலமும் நகர்த்தக் கூடாதென்பது வீட்டுச் சட்டம். சொட்டு மருந்துப் புட்டி வெள்ளை நிறம். முன்பெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு அதை எடுத்து ஆயாவின் கையில் கொடுப்பது எங்கள் வேலை. இப்போது கறுப்புப் பலகைமேல் அது தனியாகத் தெரிகிறது, தாமே எடுத்துக்கொள்கிறார். எங்கள் நோட்டுப் புத்தகம் எதுவாவது அங்கே கிடந்தால் மட்டும் கூடத்திலிருந்து குரல் வரும்:

"யாருடி அது, எம் மேசை மேல?"