சங்கிலி அறுபடும் சத்தம்

பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா'வை மதுரையில் சிலர் வானொலி நாடகமாக்குகிறார்கள், வந்து பாருங்கள் என்று நண்பர் கூப்பிட்டார். 2020 அக்டோபர். ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. கோயில் திருவிழாவும் நாடகமும் தொடங்கவில்லை.

சுகுண விலாச சபை 1895இல் மேடையேற்றிய நாடகம் இது. 1954இல் சினிமாவாகி, அதன் வசனம் ஒலிச்சித்திரமாக வீட்டுக்கு வீடு கேட்டுவிட்டது. அந்த வசனத்தின் நிழல்கூட விழக் கூடாதென்று நண்பர் பம்மலாரின் மூலப் புத்தகத்தையே முன்னால் வைத்துக்கொண்டு எழுதியிருந்தார். மேடையில் ராஜா பேசாமல் நின்றாலும் ராஜாதான். வானொலியில் வாய் திறக்காதவர் அங்கே இல்லாதவர். அதனால் சபைக் காட்சியில் புருஷோத்தம ராஜாவுக்கு இடையிடையே இருமல் வைத்தார். கொரோனாக் காலத்தில் எந்த ராஜா இருமலாம்? அதை அடித்துவிட்டு, மோதிர விரலால் சிம்மாசனத்தைத் தட்டச் சொன்னார். எனக்கு இதுவே மேலாகப் பட்டது.

நான் போனபோது நடிகர்கள் யாரும் அங்கே இல்லை. அவரவர் வீட்டில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு செல்போனில் பேசி அனுப்பியிருந்தார்கள். அவற்றை ஒரு பையன் கணினியில் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த வேலையில் எனக்கு மனம் செல்லவில்லை. மனம் போனது பின்கட்டில் உட்கார்ந்திருந்த ஆல்ரவுண்ட் அண்ணனிடம்.

கோயில் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆர்மோனியம், மிருதங்கத்தோடு ஆல்ரவுண்ட் என்று ஒருவர் இருப்பார். இடி விழுவதும் பபூன் வழுக்கி விழுவதும் அவர் கையில்தான். அண்ணன் முன்னால் ஊஞ்சல் சங்கிலி, மாட்டுச் சங்கிலி, ஈரத் துணி, ஒரு முறம் மணல். இளவரசன் மனோகரன் தன்னைக் கட்டிய சங்கிலியை அறுக்கும் காட்சிக்காகத்தான் இத்தனையும்.

"மேடையில தகரச் சங்கிலிதேன் தம்பி. ஒரு கண்ணிய நூலால கட்டியிருப்போம். இழுத்தா வந்துரும். ஜனம் கண்ணால பாத்துக்கிரும்" என்றார்.

மைக்குக்குக் கண் இல்லையே. மாட்டுச் சங்கிலியைக் கல்லில் போட்டால் பாத்திரம் உருண்டதுபோல் கேட்டது. ஊஞ்சல் சங்கிலியில் ஈரத் துணியைச் சுற்றி, ஒரு முனையைத் தூணில் மாட்டி, மறுமுனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கண்ணியும் கண்ணியும் உரசி முனகின. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மணலில் ஒரு துண்டு, கல்லில் ஒரு துண்டு விழுந்தது. அறுபடும் சத்தம் என்று தனியாக எதுவுமே அவர் செய்யவில்லை.

"அறுந்தது யாருக்குத் தெரியும்ணே?" என்று கேட்டேன்.

"இழுபடுறது கேட்டாப் போதும் தம்பி. அறுக்குறத அவுக பாத்துக்கிருவாக."

பங்குனியிலிருந்து வைகாசி வரை ஓடும் நாடகத்தில்தான் அண்ணன் போன்றவர்களுக்கு வருஷச் சாப்பாடு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அது முழுதாகப் போயிற்று. ஏஜென்ட் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாராம். அண்ணன் அதைக் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது இந்த ஒலிநாடகத்துக்கும் நடுவில் ஒருவர் முளைத்திருந்தார். ஏதோ ஆடியோ நிறுவனத்துக்கு விற்றுத் தருகிறாராம். நடிகர்களுக்குச் சிறு தொகை. சத்தம் கொடுத்தவருக்கு பஸ் செலவு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற சத்தத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது அந்த இடைத்தரகர் வாதம். கலைக்குச் சேவை என்று பேசுகிற எவரும் தன் கமிஷனைச் சேவையில் சேர்ப்பதில்லை. இரவு முழுக்கக் கண் விழித்து ஊரைச் சிரிக்கவும் நடுங்கவும் வைத்த கைக்கு விலை பஸ் டிக்கெட் என்றால், அதைச் சொல்கிறவர் ஒரு தடவை அந்தச் சங்கிலியை இழுத்துப் பார்க்கட்டும்.

நாடகம் ஒலிபரப்பானபோது கடைசிவரை கேட்டேன். எழுதியவர், நடித்தவர் எல்லார் பெயரையும் வாசித்தார்கள், அண்ணன் பெயரைத் தவிர. வானொலி நாடகம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சத்தம் கொடுப்பவருக்கு நடிகருக்குச் சமமான தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், பெயரையும் வாசியுங்கள்.